இயக்குநர் ஊதியமும் கம்பெனிக் கணக்கும்

கம்பெனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் பங்குதாரர் முதலில் நோக்குவது பங்கு ஈவு எவ்வளவு என்பதையே. இயக்குநர்கள் பெற்ற ஊதியத்தைக் கூறும் பக்கம் பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை. ஆயினும், கம்பெனியின் பணம் யார் கையில், எந்த அளவுக்கு, யாருடைய இசைவோடு செல்கிறது என்பதைத் தெளிவாக உணர்த்துவது அப்பக்கமேயாகும்.

ஒரு தொழிலாளியின் ஊதியத்தை நிர்வாகம் நிர்ணயிக்கிறது. நிர்வாகத்தின் தலைவர்களுக்கு ஊதியம் நிர்ணயிப்பதோ அவர்களும் அங்கம் வகிக்கும் இயக்குநர் குழுதான். முதலீடு செய்த சிறு சேமிப்பாளர் அக்கூட்டத்தில் அமர்வதில்லை. எனவேதான் இவ்விஷயத்தில் உச்சவரம்பு, பங்குதாரர் இசைவு, வெளிப்படுத்தல் ஆகிய மூன்றையும் சட்டம் வற்புறுத்துகிறது.

வரலாற்றுப் பின்னணி

நம் நாட்டில் இக்கட்டுப்பாடு நிர்வாக ஏஜென்சி முறையின் அனுபவத்தால் விளைந்ததாகும். பல ஆலைகளையும் சுரங்கங்களையும் தோட்டங்களையும் நிர்வாக ஏஜெண்டுகள் நடத்தி வந்தனர். அலுவலகப் படி, விற்பனைக் கமிஷன், கொள்முதல் கமிஷன் எனப் பல வழிகளில் அவர்கள் வருவாய் பெற்றனர். ஏஜெண்டுகளின் ஊதியத்தை நிகர லாபத்தின் விகிதத்தோடு பிணைக்க 1936-ஆம் ஆண்டுத் திருத்தம் முயன்றது. 1956-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் மேலும் ஒரு படி முன்னேறி, நிர்வாக ஊதியம் அனைத்தும் சேர்ந்து நிகர லாபத்தில் 11 சதவீதத்தை மீறக்கூடாதென விதித்தது. ஏஜென்சி முறை 1970 ஏப்ரல் 3-ஆம் நாள் ஒழிந்தது. ஆனால் அந்த 11 சதவீதம் நிலைத்துவிட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 197-ஆம் பிரிவிலும் அது இடம்பெற்றுள்ளது.

வரம்புகள் எவை?

நிர்வாக இயக்குநர் அல்லது முழுநேர இயக்குநர் ஒருவர் மட்டும் இருப்பின் 5 சதவீதம். ஒருவருக்கு மேற்பட்டோர் இருப்பின் அனைவருக்கும் சேர்த்து 10 சதவீதம். மற்ற இயக்குநர்களுக்கு, நிர்வாக இயக்குநர் உள்ள கம்பெனியில் 1 சதவீதம்; இல்லாத கம்பெனியில் 3 சதவீதம். கூட்டங்களில் கலந்துகொள்வதற்கான கட்டணம் இவ்வரம்பில் சேராது.

இங்கு நிகர லாபம் என்பது லாப நஷ்டக் கணக்கின் இறுதி வரியில் காணும் தொகையன்று. 198-ஆம் பிரிவின்படி அது தனியே கணக்கிடப்படுகிறது. நிலத்தை விற்றுப் பெற்ற மூலதன லாபம் சேர்க்கப்படாது. வருமான வரி கழிக்கப்படாது. நிலம் விற்ற ஆண்டில் நிர்வாகிகளின் ஊதியமும் உயர்ந்துவிடலாகாது என்பதே இதன் கருத்து.

ஓர் உதாரணம் காண்போம். இவ்வாறு கணக்கிட்ட நிகர லாபம் 40 கோடி ரூபாய் எனில், மொத்த உச்சவரம்பு 4 கோடியே 40 லட்சம். ஒரே நிர்வாக இயக்குநர் இருப்பின் அவருக்கு 2 கோடி வரையிலும், மற்ற இயக்குநர் அனைவருக்கும் சேர்த்து 40 லட்சம் வரையிலும் வழங்கலாம்.

வரம்பை மீறி வழங்க முன்பு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அத்தேவை நீங்கியது. தனி வரம்புகளை மீறுவதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் போதுமென்றாயிற்று. வங்கிக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறிய கம்பெனியாயின் அவ்வங்கியின் முன் அனுமதியும் வேண்டும். அரசிடமிருந்த பொறுப்பு இவ்வாறு பங்குதாரரிடம் வந்துவிட்டது. அவர் கணக்கைப் படிக்காவிட்டால் அப்பொறுப்பை ஏற்பவர் எவருமில்லை.

எங்கே தேடுவது?

பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியின் ஆண்டறிக்கையில் நான்கு இடங்களைக் காணவேண்டும். இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பில் ஊதிய விகிதமும் உயர்வும் தரப்பட்டிருக்கும். நிறுவன ஆளுகை அறிக்கையில் ஒவ்வோர் இயக்குநரின் சம்பளம், சலுகை, போனஸ், பங்கு உரிமை ஆகியவற்றின் விவரம் இருக்கும். கணக்குக் குறிப்புகளில் முக்கிய நிர்வாகிகள் பெற்றவை இனவாரியாகக் காணப்படும். ஊதியம் சட்டப்படி வழங்கப்பட்டதா என்பதைத் தணிக்கையாளர் தமது அறிக்கையில் கூறவேண்டும்.

இவ்விடங்களில் காணும் தொகைகள் ஒன்றுக்கொன்று மாறுபடலாம். எல்லா மாறுபாடும் தவறாகிவிடாது. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு கம்பெனி முழுமைக்கும் சேர்த்து மதிப்பிடப்படுவதால் தனிநபர் கணக்கில் விடுபடுவதுண்டு. பங்கு உரிமையின் செலவைக் கணக்கேடு பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து காட்டும். வருமான வரி முறையிலோ உரிமையைப் பயன்படுத்திய ஆண்டிலேயே முழு மதிப்பும் சலுகையாகத் தோன்றும். எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்னும் அடிக்குறிப்பைப் படித்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

விகிதம் கூறுவதும் கூறாததும்

ஒவ்வோர் இயக்குநரின் ஊதியம் பணியாளரின் இடைநிலை ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகள் தெரிவித்தாகவேண்டும். இடைநிலை என்பது சராசரியன்று. எழுவரின் ஆண்டு ஊதியம் முறையே 3, 3.5, 4, 4.5, 5, 6, 9 லட்சம் எனக் கொள்வோம். நடுவில் நிற்கும் 4.5 லட்சமே இடைநிலை. சராசரி 5 லட்சம். கடைசி நபரின் ஊதியம் 30 லட்சமாக உயர்ந்தால் சராசரி 8 லட்சமாகிவிடும், இடைநிலை அசையாது. ஆகவே சாதாரணப் பணியாளரின் நிலையைக் காட்ட இடைநிலையே ஏற்றது. நிர்வாக இயக்குநர் 1 கோடியே 80 லட்சம் பெற்றால் விகிதம் 40 மடங்காகும்.

இவ்விகிதத்திற்கும் ஒரு குறையுண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்வோர் கம்பெனியின் பணியாளர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. துப்புரவு, காவல், சுமை ஏற்றல் போன்ற குறைந்த ஊதிய வேலைகளை ஒப்பந்தத்திற்கு விட்டுவிட்டால், பட்டியலில் எஞ்சியோரின் இடைநிலை ஊதியம் உயரும், விகிதம் குறையும். எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காமலே ஏற்றத்தாழ்வு குறைந்ததுபோல் தோன்றும். எனவே விகிதத்தோடு நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கையையும் முந்தைய ஆண்டோடு ஒப்பிடுதல் அவசியம்.

பங்குதாரர் கேட்கவேண்டியவை

லாபம் குறைந்த ஆண்டில் ஊதியம் உயர்ந்ததா? பணியாளரின் சராசரி உயர்வைவிட நிர்வாகிகளின் உயர்வு மிகுதியாயின் அதற்குக் கூறப்படும் காரணம் யாது? கமிஷன் எந்தச் செயல்திறனுக்கு அளிக்கப்பட்டது? வரம்புக்கு மேல் பெற்ற தொகை திரும்பிவந்ததா? கூடுதலாகப் பெற்ற இயக்குநர் அதை இரண்டாண்டுக்குள் திருப்பித் தரவேண்டும் என்பதும், அதுவரை அது கம்பெனிக்குரிய பணமாகவே அவரிடம் இருக்கும் என்பதும் சட்டமாகும்.

அரசுக் கம்பெனிகளுக்கு 197-ஆம் பிரிவு பொருந்தாது என 2015-இல் விலக்களிக்கப்பட்டது. அங்கு ஊதியம் அரசின் ஆணைகளால் நிர்ணயமாகிறது. தனியார் வரையறுத்த கம்பெனிகளுக்கும் இவ்வுச்சவரம்பு இல்லை.

திறமைமிக்க நிர்வாகிக்கு நல்ல ஊதியம் அளிப்பதில் தவறில்லை. அவர் முயற்சியால் தொழில் வளர்ந்தால் அனைவர்க்கும் நன்மையே. அவ்வூதியம் பணத்துக்குரியவர்கள் அறிந்து, இசைந்து அளித்ததாக இருக்கவேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். அறிவதற்கான வழியை ஆண்டறிக்கை திறந்து வைத்துள்ளது. அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்களிக்குமுன் அப்பக்கங்களைப் படிப்பது பங்குதாரரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.