ஃபைபர் என்று விற்று, கம்பியில்லாப் பெட்டியைத் தந்தால்?

கேள்வி: சிடாம் கிரி பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் கணவர் வேலை செய்கிறார். தோட்ட வீட்டில்தான் குடியிருக்கிறோம். மூத்தவள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள், சின்னவன் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். ஐந்து மாதங்களுக்கு முன் சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடியில் மேசை போட்டிருந்த விற்பனைப் பிரதிநிதி, "உங்கள் இடத்துக்கு ஃபைபர் வந்துவிட்டது, 300 எம்பிபிஎஸ், மாதம் 99 வெள்ளி" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பொருத்த வந்தவர்களோ, "ஃபைபர் இன்னும் வரவில்லை, இப்போதைக்கு இதை வையுங்கள்" என்று சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மகளால் ஒரு காணொளிப் பாடத்தைக்கூட முழுதாகப் பார்க்க முடிவதில்லை. தொலைபேசியில் அழைத்தால் ஒவ்வொரு முறையும் பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். சேவையை நிறுத்த வேண்டும் என்றதற்கு, 24 மாத ஒப்பந்தத்தில் மீதமுள்ள 19 மாதங்களுக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா? அடுத்து எந்த நிறுவனத்தை நம்புவது? தாமானில் இருக்கும் என் அக்கா ஒரு நிறுவனத்தைச் சொல்கிறார்.

– வாசகி, சிடாம் கிரி

பதில்: அன்புள்ள சகோதரி, 19 மாதத்துக்கு 99 வெள்ளி என்றால் 1,881 வெள்ளி. தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. நீங்கள் சொன்னபடிதான் நடந்தது என்றால், இதைக் கட்டாமலேயே ஒப்பந்தத்திலிருந்து வெளியேறச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. கோபத்தில் மாதக் கட்டணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பாக்கி வைத்தவர் நீங்கள் என்றாகிவிடும். கடன் வசூல் கடிதம் வரும், சிடிஓஎஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் பெயர் ஏறினால் நாளைக்கு மோட்டார் சைக்கிள் கடனுக்கும் இடைஞ்சல். முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், அதன் பிறகு ரத்து செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் முதல் துணை, 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ஒரு சேவை குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தது, குறிப்பிட்ட தரத்தில் உள்ளது என்று பொய்யாகச் சொல்லி விற்பதை அதன் 10ஆம் பிரிவு தடை செய்கிறது. கம்பியில்லாச் சேவையை ஃபைபர் என்று சொல்லி விற்றது இதற்குள் வரும். சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வழங்க வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. பயனீட்டாளர் தன் தேவையை முன்கூட்டியே சொல்லியிருந்தால் சேவை அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 54ஆம் பிரிவு. "பிள்ளைகள் படிப்புக்கு வேண்டும்" என்று பிரதிநிதியிடம் நீங்கள் சொல்லியிருந்தால் இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும்.

குறை இருந்தால் என்ன செய்யலாம் என்பதை 60ஆம் பிரிவு சொல்கிறது. சரி செய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் சரி செய்யும்படி முதலில் கேட்க வேண்டும். செய்யவில்லை என்றால், அல்லது குறையே பெரியது என்றால், ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். இந்த உரிமைகளை ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதிப் பறித்துவிட முடியாது என்பது 6ஆம் பிரிவு.

"எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். சிஐஎம்பி வங்கிக்கும் அந்தோனி லாரன்ஸ் பர்க் என்ற வாடிக்கையாளருக்கும் நடந்த வழக்கில், வழக்குத் தொடுக்கும் உரிமையையே முழுதாக அடைத்துவிடும் அப்படிப்பட்ட ஒரு விதி, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்தது அந்த 1,881 வெள்ளி. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். 1995-ல் செல்வகுமார் எதிர் தியாகராஜா வழக்கில், இழப்பைக் கேட்பவர் அதை நிரூபிக்க வேண்டும் என்றது கூட்டரசு நீதிமன்றம். 2018-ல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அது தளர்ந்தது. தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமை இப்போது கட்ட வேண்டியவர் மேல் விழுகிறது. ஆகவே "தொகை அதிகம்" என்ற வாதத்தை மட்டும் நம்பி நிற்காதீர்கள். "ஒப்பந்தத்தை முதலில் மீறியது நீங்கள், ஆகவே பாதியில் நிறுத்தியதற்கான கட்டணம் என்ற பேச்சே எழாது" என்பதுதான் உங்கள் பலமான வாதம்.

இனிச் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒப்பந்தப் படிவத்தின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். சேவையின் பெயர் அதில் என்னவென்று பாருங்கள். பிரதிநிதி அனுப்பிய புலனச் செய்தி, விளம்பரத் தாள், பெட்டியின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். படிவம் கணவர் பெயரில் இருந்தால் புகாரையும் அவர் பெயரிலேயே கொடுக்க வேண்டும்.

இரண்டு: ஒரு வாரத்துக்குக் காலையிலும் இரவு ஒன்பது மணி வாக்கிலும் வேகத்தைச் சோதித்துத் திரையைப் படம் பிடியுங்கள். தேதியும் நேரமும் தெரியட்டும். முடிந்தால் மடிக்கணினியைக் கம்பி வழியாகப் பெட்டியோடு இணைத்துச் சோதியுங்கள். இல்லாவிட்டால் "உங்கள் வீட்டு வைஃபைதான் கோளாறு" என்று தட்டிக் கழிப்பார்கள்.

மூன்று: தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை. மின்னஞ்சலில் புகார் அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "விற்கும்போது சொன்ன ஃபைபர் சேவையை 14 நாட்களுக்குள் தாருங்கள், இல்லையேல் 60ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள். அதுவரை வரும் கட்டணத்தை, "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கட்டுங்கள்.

நான்கு: பதில் வரவில்லை, வந்தாலும் திருப்தியில்லை என்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் போங்கள். இலவசத் தொலைபேசி எண் 1-800-188-030, இணையத்திலும் புகார் செய்யலாம். நிறுவனங்கள் பயனீட்டாளரிடம் நியாயமாக நடக்க வேண்டும், புகார்களை முறையாகக் கவனிக்க வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 188ஆம் பிரிவு விதித்த கடமை.

ஐந்து: பணத்தைத் திரும்பப் பெறவும் ஒப்பந்தம் ரத்தானதை உறுதிப்படுத்தவும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். அங்கே பொதுவாக வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. நிறுவனத்தின் தரப்பில் அதன் ஊழியர் வருவார், உங்கள் தரப்பை நீங்களே சொல்லலாம். படிவத்தை நிரப்ப உதவி தேவைப்பட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள், அங்கே தமிழிலேயே பேசலாம்.

அடுத்து யாரை நம்புவது?

நிறுவனத்தின் பெயரை வைத்து நான் பதில் சொல்ல மாட்டேன். அக்காவின் தாமானில் நன்றாக ஓடும் சேவை உங்கள் தோட்டத்தில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பல ஊர்களில் டிஎம் நிறுவனம் போட்ட ஃபைபர் இழையைத்தான் மேக்சிஸ், செல்கொம்டிஜி போன்ற நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து விற்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நிறுவனத்தை மாற்றினால் பில்லும் வாடிக்கையாளர் சேவையும் மாறும், வீட்டுக்கு வரும் இழை மாறாது. இழையே வராத இடத்தில் எந்தப் பெயரும் உதவாது. ஆகவே முதல் கேள்வி, "என் வீட்டு வாசல் வரை யாருடைய இழை வந்திருக்கிறது?" என்பதாக இருக்கட்டும். இணையச் சேவை எங்கே எட்டுகிறது என்று காட்டும் அரசாங்கத்தின் ஜெண்டேலா வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஒரே லயத்தில் இருக்கும் இரண்டு மூன்று வீடுகளிலும் விசாரியுங்கள்.

இழை இருக்கிறது என்றால், கையெழுத்துப் போடும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: சேவை ஃபைபரா, கம்பியில்லாததா? பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம் தனித்தனியாக எவ்வளவு? பொருத்த முடியாமல் போனால் ஒப்பந்தம் தானாக ரத்தாகுமா? பழுது பார்க்க எத்தனை நாள்? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு? வரியோடு மாதம் எவ்வளவு? தொலைத்தொடர்புக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு, 99 வெள்ளி என்பது பில்லில் 104 வெள்ளி 94 காசாக வரும். எழுதித் தர மறுக்கும் பிரதிநிதியிடம் அடையாள அட்டையை நீட்டாதீர்கள். "நாளைக்கு வந்தால் இந்தச் சலுகை இல்லை" என்பார், இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

கம்பியில்லாச் சேவைதான் ஒரே வழி என்றால் அதை அறிந்தே எடுங்கள். ஒரே கோபுரத்தை ஊரே பங்கு போடுவதால் இரவில் வேகம் இறங்கும். 24 மாதம் கட்டிப்போடாத திட்டமே உங்களுக்கு ஏற்றது.

உங்கள் வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து என்பதையும் மறக்க வேண்டாம். தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் குடிநீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாக்கியது. இணையத்துக்கு அப்படியொரு கடமை அதில் இல்லை. கம்பம் நடவும் இழை இழுக்கவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். லயத்து வீடுகள் எல்லாம் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் ஒரு மனு கொடுங்கள், அதன் நகலை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 6 விழுக்காட்டைச் செலுத்தும் நிதி ஒன்று சட்டப்படி இருக்கிறது. சேவை எட்டாத இடங்களுக்கு அதைக் கொண்டுபோவதே அந்த நிதியின் நோக்கம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

எஸ்.பி.எம். காத்திருக்காது. ஆகவே இன்று இரவே வேகத்தைச் சோதிக்கத் தொடங்குங்கள், இந்த வாரத்துக்குள் அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள்.