கல்யாணம் வேற, குடியுரிமை வேற

"ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிட்டா அவளுக்கும் இந்தியன் பாஸ்போர்ட் கிடைச்சிடும்ல?"

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, சின்னசேலத்துல ரயிலை விட்டு இறங்குறதுக்குள்ள ஒரு சீனியர் அண்ணன் கேட்ட கேள்வி இது. அவர் கட்டிக்கப்போற அக்கா இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவங்க. ரெண்டு பேருக்கும் மொழி ஒண்ணு, சாமி ஒண்ணு, பள்ளிக்கூடத்துல படிச்சதும் அதே தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம்தான். ஆனா சட்டத்தின் கண்ணுக்கு இது ரெண்டு நாட்டுக் கல்யாணம்.

"கிடைச்சிடும்ணே"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் எவ்வளவு பெரிய தப்பான பதில்னு தெரிஞ்சது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுறேன். நான் படிக்கிறது மெக்கானிக்கல், சட்டம் இல்ல. அதனால இதைப் படிச்சிட்டு நேரா ஒரு வக்கீலைப் பார்க்கறவங்கதான் புத்திசாலி.

முதல்ல கல்யாணம். இது சுலபமான பாதி. ரெண்டு பேரும் இந்துவா இருந்தா, ஒருத்தர் வெளிநாட்டுக்காரரா இருந்தாலும் இங்கே இந்து திருமணச் சட்டப்படி கோயில்லயோ சுயமரியாதை முறையிலயோ கல்யாணம் பண்ணலாம். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்யணும். மதம் வேறன்னா 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த எல்லைக்குள்ள 30 நாள் குடியிருந்திருக்கணும். திருமண அலுவலர்கிட்ட நோட்டீஸ் கொடுத்து, அது பலகையில ஒட்டப்பட்டு, ஆட்சேபணைக்கு இன்னொரு 30 நாள் காத்திருந்து, மூணு சாட்சியோட கையெழுத்துப் போடணும். நோட்டீஸ் கொடுத்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கலன்னா மறுபடி முதல்ல இருந்து. டூரிஸ்ட் விசால வர்ற வெளிநாட்டுத் துணையை வெச்சுக்கிட்டு இந்த நாள் கணக்கைத் தப்பாப் போட்டா, விசா முடிஞ்சுபோகும், நோட்டீஸ் பலகையில தொங்கிட்டு இருக்கும். பிற நாட்டுக்காரங்க கல்யாணத்துக்குத் தடையில்லைன்னு தங்கள் தூதரகத்துல ஒரு சான்றும் வாங்கி வைக்கணும்.

வருங்காலக் கணவன் மனைவிக்குன்னு அமெரிக்காவுல இருக்கற கே-1 மாதிரி தனி விசா இந்தியாவுல கிடையாது. கல்யாணம் பதிவான பிறகு, வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துல ஆன்லைன்ல விண்ணப்பிச்சு எக்ஸ்-2 விசாவுக்கு மாறணும். ரெண்டு வருஷம் கல்யாணம் நீடிச்சிருந்தா ஓசிஐ அட்டைக்குப் போகலாம். அதுல ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனா இங்கே வாழ்ந்து வேலை பார்க்கலாம். முழுக் குடியுரிமை வேணும்னா பிரிவு 5(1)(சி): இந்தியரைக் கட்டிக்கிட்டவர், ஏழு வருஷம் இந்தியாவுல குடியிருந்திருக்கணும். கடைசி 12 மாசம் இடைவெளி இல்லாம, அதுக்கு முந்தைய எட்டு வருஷத்துல ஆறு வருஷம்.

இதுவரைக்கும் படிச்சா நம்ம அண்ணனுக்குப் பிரச்சினையே இல்ல. அந்த அக்கா ஏழு வருஷம் என்ன, பிறந்ததுல இருந்தே இங்கதானே இருக்காங்க! ஆனா அதே பிரிவு 5-ன் முதல் வரியிலயே ஒரு நிபந்தனை இருக்கு: விண்ணப்பிக்கறவர் "சட்டவிரோதக் குடியேறி"யா இருக்கக் கூடாது. யார் அதுன்னு பிரிவு 2(1)(பி) சொல்லுது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், பயண ஆவணம் இல்லாம நுழைஞ்சவர்; அல்லது ஆவணத்தோட வந்து அனுமதிச்ச காலத்தைத் தாண்டித் தங்கினவர்.

1983 ஜூலைக்குப் பிறகு தலைமன்னார் பக்கத்துல இருந்து ராத்திரியில படகு ஏறி, தனுஷ்கோடி மணல்திட்டுல இறங்கினவங்க கையில என்ன பாஸ்போர்ட் இருந்திருக்கும்? 2021-ல தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் மட்டும் 58,822 பேர். அந்த வருஷம்தான் அகதிகள் முகாம்ங்கற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க. பொறியியல் சேர்ற முகாம் பிள்ளைகள்ல மதிப்பெண் வரிசையில முதல் 50 பேரோட கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏத்துக்கும்னும் அறிவிச்சாங்க. நம்ம வகுப்புல பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க கதைதான் இது.

இங்க எனக்கு ஒரு கேள்வி. "நுழைஞ்சவர்"னு சட்டம் சொல்லுது. முகாம்லயே பிறந்தவங்க எந்தக் கரை வழியா நுழைஞ்சாங்க? ஆனா அரசாங்க நடைமுறையில பெத்தவங்களோட அந்தஸ்துதான் பிள்ளைக்கும் ஒட்டிக்கிட்டு வருது. இதை ஒரு நல்ல வக்கீல் கோர்ட்டுல வாதாடணும்னு நினைக்கிறேன்.

கல்யாணத்தைவிடப் பெரிய சிக்கல் குழந்தை. நம்ம வயசுக்காரங்க கண்டிப்பா தெரிஞ்சிக்க வேண்டிய ரெண்டு தேதி இருக்கு. இந்திய மண்ணுல 1987 ஜூலை 1-க்கு முன்னாடி பிறந்தவர், பெத்தவங்க யாரா இருந்தாலும், இந்தியக் குடிமகன். அன்னிக்கு இருந்து 2004 டிசம்பர் 2 வரைக்கும் பிறந்தவர்னா, அப்பா அம்மால ஒருத்தர் இந்தியரா இருந்தாப் போதும். 2004 டிசம்பர் 3-ல இருந்து பிறந்தவங்களுக்கு, ஒருத்தர் இந்தியர்னா இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது.

சின்னசேலத்து அப்பாவுக்கும் கீழ்ப்புதுப்பட்டு முகாம்ல இருந்து வந்த அம்மாவுக்கும் ரெண்டு பிள்ளைன்னு வெச்சுக்குவோம். அக்கா 2003-ல, தம்பி 2006-ல. ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில பிறந்தவங்க. அக்கா எந்தக் கேள்வியும் இல்லாம இந்தியர். தம்பி? சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படிச்சா, அப்பா இந்தியரா இருந்தும் அவனுக்குக் குடியுரிமை கேள்விக்குறி. ஆதார் இருக்கலாம், அது குடியுரிமைச் சான்று இல்ல. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மண்டபம், சாப்பாடு, போட்டோகிராபர்னு எல்லாத்தையும் பேசறோம், பிறக்கப்போற பிள்ளைக்கு நாடு இருக்கான்னு பேசறதில்ல.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. அந்தத் தேதிக் கணக்கே சிலருக்குக் கதவையும் திறந்திருக்கு. மண்டபம் முகாம்ல 1986 ஏப்ரல்ல பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1987-க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்தவர், அதனால பிறப்பால இந்தியர்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்ட்ல தீர்ப்பு சொல்லி, பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல அவர் முதல் தடவையா ஓட்டுப் போட்டார். அதனால கட்டிக்கப்போறவர் முகாம்ல பிறந்தவர்னா, முதல்ல அவரோட பிறந்த தேதியையும், அவங்க அம்மா அப்பா எங்க, எப்போ பிறந்தாங்கங்கறதையும் கேளுங்க. 1984-ல மண்டபத்துல பிறந்த அம்மாவுக்கு 2004 ஜூன்ல பிறந்த பொண்ணுன்னா, அவங்க ஏற்கெனவே இந்தியரா இருக்கலாம், காகிதம்தான் இல்ல. மலையகக் குடும்பம்னா தாத்தா பாட்டி பெட்டியையும் திறந்து பாருங்க. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா ஏத்துக்க ஒப்புக்கிட்ட 5,25,000 பேர் கணக்குல அவங்க பேர் இருந்ததுக்கான காகிதம் கிடைச்சா, கதை வேற மாதிரி போகும்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் உதவாதான்னு கேட்கலாம். அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணுக்கு மட்டும். இலங்கை அதுல இல்ல. சரி, 2025 செப்டம்பர் 1-ல நடைமுறைக்கு வந்த புதுக் குடியேற்றச் சட்டத்தோட ஒரு விலக்கு ஆணை வந்துச்சே? 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்கே தஞ்சம் புகுந்த, பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லாததுக்காகத் தண்டிக்க மாட்டாங்கன்னு அது சொல்லுது. நல்ல விஷயம்தான். ஆனா தண்டனை இல்லைங்கறதும் குடியுரிமை உண்டுங்கறதும் ஒண்ணு இல்ல. இதுல "பதிவு செஞ்ச"ங்கற வார்த்தையைக் கவனிங்க. கல்யாணம் ஆகி முகாமை விட்டு மாமியார் வீட்டுக்கு வரும்போது, வருவாய்த் துறைக்கும் கியூ பிரிவு போலீசுக்கும் முறையாச் சொல்லி அனுமதி வாங்கித்தான் வரணும். 'இனிமே இது எதுக்கு'ன்னு பதிவை விட்டுட்டா, இருக்கற ஒரே பாதுகாப்பும் போயிடும்.

இன்னொரு வழி, சுத்தி வளைச்சது. சென்னையில இருக்கற இலங்கைத் துணைத் தூதரகத்துல பிறப்பைப் பதிஞ்சு, இலங்கைப் பாஸ்போர்ட் வாங்கி, வெளியேறும் அனுமதியோட ஒரு தடவை இலங்கை போய், எக்ஸ்-2 விசாவோட திரும்ப வர்றது. அப்போ அவர் ஆவணத்தோட நுழைஞ்சவர். ஏழு வருஷக் கணக்கு அன்னிக்கு ஆரம்பிக்கும். காகிதத்துல அழகா இருக்கு. ஆனா வெளியேறும் அனுமதி எப்போ வரும், போன பிறகு விசா கிடைக்குமாங்கறது ரெண்டும் நம்ம கையில இல்ல. அந்தப் பக்கமும் ஆபத்து உண்டு: 2025 மே மாசம், தமிழ்நாட்டுல இருந்து ஐ.நா. அகதிகள் முகமை உதவியோட திரும்பிப் போன ஒரு முதியவரையே, அன்னிக்கு முறையில்லாம நாட்டை விட்டுப் போனார்னு பலாலி விமான நிலையத்துல கைது பண்ணினாங்க. புதுசா கல்யாணம் ஆன ஜோடி இந்த வழியில இறங்கறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கணும்.

மத்த நாடுகளும் "எப்படி உள்ள வந்தே"ன்னுதான் கேட்குது. அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கிட்டவர், விசாவோட வந்து காலம் தாண்டித் தங்கினவர்னா, பொதுவா அங்கே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லையைத் திருட்டுத்தனமாத் தாண்டினவர்னா முடியாது, வெளியே போய்த்தான் வரணும். இந்தியச் சட்டம் அந்த ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில போடுது. வெளிநாட்டுக்குப் போற நம்ம ஆளுங்களுக்கு ஒரு குறிப்பு: கே-1 விசா அமெரிக்கக் குடிமக்களோட ஜோடிக்கு மட்டும்தான். கடைசி ரெண்டு வருஷத்துல நேர்ல சந்திச்சிருக்கணும், உள்ளே போய் 90 நாளுக்குள்ள கல்யாணம் முடிக்கணும். கிரீன் கார்டு அண்ணனுக்கோ ஹெச்-1பி அண்ணனுக்கோ அது கிடையாது. அவங்க இங்க வந்து தாலி கட்டிட்டுத்தான் மனைவிக்கு விண்ணப்பிக்கணும். பிரிட்டன்ல துணையை அழைக்கக் காட்ட வேண்டிய வருட வருமானத்தை 2024 ஏப்ரல்ல 18,600 பவுண்டுல இருந்து 29,000 ஆக்கிட்டாங்க.

அந்த அண்ணனுக்கு அடுத்த வாரமே போன் பண்ணி என் பதிலைத் திருத்திட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் என்ன செய்யணும்னு கேட்டார். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், பதிவை மட்டும் 90 நாளுக்குள்ள முடிங்கன்னேன். அக்காவோட பிறப்புச் சான்று, முகாம் அடையாள அட்டை, அவங்க அம்மா மண்டபத்துல வந்து இறங்கின தேதி இருக்கற காகிதம், இது மூணையும் இப்பவே நகல் எடுத்து வைங்க, அம்மா பிறந்த இடத்தையும் வருஷத்தையும் கேட்டுச் சொல்லுங்கன்னேன். "அதை அவ அம்மாகிட்டதான் கேட்கணும், முகாமுக்கு ஞாயித்துக்கிழமை போறேன்"னார்.