சவாரிக் கண்ணாடி: வாங்கும்போதும் விற்கும்போதும் கவனிக்க வேண்டியவை

மலையடிவாரத்திலும் மலைப்பாதை ஓரங்களிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு, சனி ஞாயிறு வந்தால் புதுவகை வாடிக்கையாளர் ஒருவர் வருவது தெரிந்திருக்கும். பருத்த டயர் போட்ட சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பு பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று கேட்பார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் 36 வளைவுகளும் இவர்களுக்குப் பிடித்தமானவை. 2008 முதல் நடந்துவரும் நீலகிரி சைக்கிள் பயணத்திற்குப் பிறகு இந்தப் பழக்கம் நம் பக்கம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. இவர்களில் சிலர் நம் கடை வாசலில் தொங்கும் கூலிங் கிளாஸையும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். அது சவாரிக்கு ஏற்றதா என்று நம்மிடமே கேட்கவும் செய்கிறார்கள்.

பதில் நமக்கும் தேவைப்படுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு மொபெட்டில் மண்டிக்குப் போய், லாரிகளின் பின்னால் புழுதி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் நாம். ஆகவே இவ்விதழின் பொருளறிவுப் பாடமாகச் சவாரிக் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம்.

மலைச் சைக்கிள் பிறந்த கதையை ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், 1970களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் சரசரவென்று இறங்கி விளையாடினார்கள். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கில் உள்ள கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976இல் தொடங்கிய பந்தயத்திற்கே ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், அது அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டாகிவிட்டது.

இனி கண்ணுக்கு வருவோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் ஒரு வினாடியில் 11 மீட்டர் போய்விடும். ஒரு சிறு வண்டு கண்ணில் அடித்து, நாம் ஒரு வினாடி கண்ணை மூடினால் அந்த 11 மீட்டரும் குருட்டுப் பயணம்தான். வளைவில் அது போதும். இதைவிடப் பெரிய ஆபத்து கருவிழியில் விழும் கீறல். மண்ணும் குச்சியும் இலை நுனியும் கீறிய இடத்தில் கிருமி புகுந்து புண்ணாகிறது. மதுரை மாவட்டத்தில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. நம் பக்கத்துப் புண்களில் பூஞ்சையால் வருவது அதிகம், ஆறுவதற்கு நாளாகும், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைத்துவிடலாம். மிளகாய் மூட்டை ஏற்றும் இடத்திலும் செங்கல் லாரிக்குப் பின்னாலும் சாதாரண வெள்ளைக் கண்ணாடி ஒன்று போட்டிருந்தாலே பெரும்பாலானதைத் தடுத்துவிடலாம் என்பதுதான் இதில் வருத்தமான செய்தி.

கடைக்கு வருபவர்கள் செய்யும் முதல் தவறு, கறுப்பு அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று எண்ணுவது. நிறம் வேறு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை வேறு. கறுப்புச் சாயம் மட்டும் பூசிய மலிவுக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிந்துகொள்கிறது. தடுக்கப்படாத கதிர் அந்த விரிந்த வாசல் வழியாக உள்ளே போகிறது. அப்படிப்பட்ட கண்ணாடியைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல். ‘யூ.வி. 400’ என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறமே இல்லாத கண்ணாடியிலும் அது இருக்கலாம். மலைமேல் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் வீதம் இந்தக் கதிர் கூடுகிறது. உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று அங்கே எண்ணுவது சரியல்ல.

கண்ணாடி என்று பெயரிருந்தாலும் சவாரிக்குக் கண்ணாடிச் சில்லு கூடவே கூடாது. உடைந்தால் துண்டுகள் கண்ணுக்குள்தான் போகும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வில்லையே ஏற்றது. 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பொருள் கல் பட்டாலும் எளிதில் சிதறாது. புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தானாகவே உறிஞ்சிவிடும். குறை ஒன்று உண்டு: சுலபமாகக் கீறல் விழும். எனவே மேல்பூச்சு உள்ளதாக வாங்க வேண்டும். புழுதி படிந்ததை வேட்டி நுனியால் துடைக்காமல், தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கத்திலேயே போகக் கூடாது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் ‘இசட் 87+’ அல்லது ‘ஈ.என். 166’ குறியிட்ட வெள்ளைக் கண்ணாடி கிடைக்கும். பார்க்க அழகாயிராது. மண்டிக்குப் போக அதைவிடச் சிக்கனமான பாதுகாப்பு வேறில்லை என்பது நம் கருத்து.

வெயில் கண்ணாடிகளை 0 முதல் 4 வரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். காதுக் கம்பியின் உட்புறம் அந்த எண் இருக்கும். 3ஆம் எண் நல்ல வெயிலுக்கு உரியது. விழும் ஒளியில் 8 முதல் 18 சதவீதம் மட்டுமே உள்ளே விடும். 4ஆம் எண் பனிமலைக்கானது. அதைப் போட்டுக்கொண்டு எந்த வாகனமும் ஓட்டக் கூடாது. மலைச் சைக்கிள்காரர்களுக்கு 3கூடச் சிக்கல்தான். தேயிலைத் தோட்டத்து வெளிச்சத்திலிருந்து சோலை நிழலுக்குள் நுழையும் கணத்தில் வேரும் பள்ளமும் தெரியாமல் போகும். அவர்களுக்கு 1 அல்லது 2, அல்லது நிறமே இல்லாததைச் சொல்லுங்கள். வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் வில்லையும் உண்டு. ஆனால் வெளுப்பதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். வளைவு அதுவரை காத்திருக்காது.

இரவுக்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, அதைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். எதிர் விளக்குக் கூச்சத்தைக் குறைக்கும் என்று விளம்பரம். 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மஞ்சள் கண்ணாடி போட்டவர்கள் இரவில் பாதசாரியைக் கண்டுகொள்வதில் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. எந்த நிறமானாலும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இருட்டில் நமக்கு இருப்பதே கொஞ்சம் வெளிச்சம். அதிகாலைச் சவாரிக்கு நிறமற்றதுதான். ஹெல்மெட்டின் கறுப்பு முகமூடிக்கும் இதே விதி பொருந்தும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்லாவில் கணக்குப் பார்க்க உதவும் இரட்டைப் பவர் கண்ணாடியின் கீழ்ப்பாதி கிட்டப் பார்வைக்கானது. வண்டியில் குனிந்து பாதையைப் பார்க்கும்போது அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் பள்ளம் மங்கலாகத் தெரியும். சவாரிக்கென்று தூரப் பார்வைப் பவர் மட்டும் போட்ட கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும்போது ஹெல்மெட்டையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பருத்த காதுக் கம்பி ஹெல்மெட்டுக்குள் நெற்றிப் பொட்டை அழுத்தி, அரைமணியில் தலைவலி வரும். முகத்தோடு அடைத்துக்கொள்ளும் கண்ணாடி ஏற்றத்தில் வியர்வையால் பனி படியும். ஓரங்களில் சிறிது காற்றுவழி இருக்க வேண்டும்.

விற்பவர் என்ற முறையில் நம் பொறுப்பு எவ்வளவு? 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் விளையும் தீங்குக்குத் தயாரித்தவரோடு விற்றவரையும் சில சூழ்நிலைகளில் பொறுப்பாக்குகிறது. அவற்றில் இரண்டு நமக்கு நேராகப் பொருந்துபவை: தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளை விற்பது ஒன்று, தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை நாமாகச் சொல்லி விற்பது மற்றொன்று. பில் இல்லாமல், பெயர் இல்லாமல் டஜன் கணக்கில் வாங்கி அட்டையில் தொங்கவிடும் கூலிங் கிளாஸ் இந்த இரண்டு வலையிலும் சிக்கும். “கண்ணுக்கு ரொம்ப நல்லதுங்க, தைரியமா போடுங்க” என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தையே உத்தரவாதமாகிவிடலாம். கொள்முதல் செய்யும்போது தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும் அச்சிட்ட உறையோடு வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். யூ.வி. குறி இல்லாத சரக்கை அழகுக்கான பொருள் என்று சொல்லியே விற்கலாம். சவாரிக்கென்று சொல்லி விற்க வேண்டாம். குழந்தைகளுக்கு அதையும் தவிர்ப்போம்.

இத்தனைக்குப் பிறகும் கண்ணில் ஏதேனும் விழுந்துவிட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். கடையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலே போதும். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது எல்லாம் புண்ணுக்கு வழி. மருந்துக் கடையில் நாமாகச் சொட்டு மருந்து கேட்டு வாங்குவதும் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் வேகமாகப் பரவும். கழுவிய பிறகும் உறுத்தலோ சிவப்போ மங்கலோ இருந்தால் அன்றைக்கே, தவறினால் மறுநாளே, கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். சந்தை நாள் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.