பேனைத் தின்னும் பேன் எங்கே கிடைக்கும்?

கேள்வி: அரை ஏக்கர் வெண்டை, பக்கத்திலேயே கத்திரி போட்டிருக்கிறேன். பங்குனி வெயில் ஏறியதும் வெண்டை இலையெல்லாம் புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் நூலாம்படை கட்டிவிட்டது. செம்பேன் என்கிறார்கள். கத்திரியில் காய்ப்புழுவுக்கு அடிக்கிற சைப்பர்மெத்ரினையே வெண்டைக்கும் அடித்தேன். குறையவில்லை, கூடியிருக்கிறது. பேனைத் தின்னும் பேன் ஒன்று உண்டாமே ஐயா, அதை எங்கே வாங்கலாம்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வாங்க வேண்டாம். அநேகமாக அது உங்கள் தோட்டத்திலேயே இருந்திருக்கும். நீங்கள் அடித்த மருந்தில் செத்திருக்கும்.

செம்பேன் எட்டுக்கால் ஜாதி. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. புழுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு மருந்துகள் இதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆனால் இதைத் தின்று அடக்கி வைத்திருந்த இரைவிழுங்கிப் பேனையும், கடுகு அளவே இருக்கும் கறுப்புப் பொறிவண்டையும் ஒரே டேங்கில் முடித்துவிடும். அப்புறம் செம்பேனைக் கேட்பாரில்லை. 30 டிகிரி வெயிலில் முட்டை தாயாகப் பத்து நாள்கூட வேண்டாம். ஒரு தாய் நூறு முட்டை வரை இடும். இணை சேராத தாயும் இடும். அவை அத்தனையும் ஆணாகப் பொரிக்கும், அந்த ஆணோடே சேர்ந்து அடுத்த ஈட்டில் பெண்ணும் பிறக்கும். காற்றில் ஒரே ஒரு பெண் வந்து விழுந்தால் போதும்.

முதலில் பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டி, விழுவதைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். முதுகில் பக்கத்துக்கொரு கரும்புள்ளியோடு சோம்பலாக நகர்வது செம்பேன் (பெயர்தான் செம்பேன், பல சமயம் வெளிர்பச்சையாகவே இருக்கும்). பேரிக்காய் வடிவில், பளபளவென்று, தாளில் நிற்காமல் ஓடுவது இரைவிழுங்கி. நம் காய்கறி வயல்களில் இயல்பாகவே காணப்படுவது நியோசெயுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்ற இனம். பத்துச் செம்பேனுக்கு ஒன்றாவது அது தென்பட்டால் ஒரு வாரம் மருந்தைத் தொடாதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது வேறு இனமாக இருக்கும்: ஃபைட்டோசெயுலஸ் பெர்சிமிலிஸ். 1958இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில் கண்டார்கள். நெதர்லாந்தில் வெள்ளரி விவசாயி யான் கோப்பெர்ட், 1967இல் தன் கண்ணாடிக்கூடத்தில் அதை விட்டுப் பார்த்து, பிறகு அதையே தொழிலாக்கினார். செம்பேனைத் தவிர வேறொன்றையும் அது தொடுவதில்லை. ஆனால் காற்றில் ஈரம் குறைந்தால் அதன் முட்டை காய்ந்துவிடும்; கடும் வெயிலிலும் சுணங்கிவிடும். உங்கள் ஊர் சித்திரை வெயிலில், திறந்த வயலில் அதை விடுவது காசைக் கரியாக்குவது.

திறந்த வயலில் ஜெயித்த கதை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து உகாண்டாவுக்குள் நுழைந்த பச்சைப் பேன், அந்தக் கண்டத்து மரவள்ளியைச் சூறையாடியது. 1993இல் பிரேசிலிலிருந்து டிஃப்லோட்ரோமாலஸ் அரிப்போ என்ற இரைவிழுங்கியைக் கொண்டுவந்து பெனினில் விட்டார்கள். பகலில் மரவள்ளியின் கொழுந்துக்குள் பதுங்கும், இரவில் இலைக்கு இறங்கி வேட்டையாடும். இரை குறைந்த காலத்தில் மகரந்தத்தைத் தின்று உயிரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மறுபடி மறுபடி விடத் தேவையில்லாமல் பல நாடுகளில் தங்கிப் பரவியது. ஒதுங்க இடமும் பஞ்சத்துக்குத் தீனியும் கிடைத்தால் அது தங்கும். உங்கள் வயலில் இருப்பதற்கும் இதுவே பொருந்தும்.

இப்போது செய்ய வேண்டியது: சைப்பர்மெத்ரினை நிறுத்துங்கள், கத்திரியிலும்தான். நூலாம்படை கட்டிய இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டு எரியுங்கள். காலையில் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். புழுதியும் போகும், பேனும் உதிரும். பிறகு சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெய். நனையும் கந்தகமும் கேட்கும், ஆனால் உச்சி வெயிலில் வேண்டாம்; வேப்பெண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இலை கருகும். கந்தகம் இரைவிழுங்கியையும் ஓரளவு பாதிக்கும் என்பதால் வயல் முழுக்க அடிக்காமல் பாதித்த பாத்திகளில் மட்டும் அடியுங்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் ஸ்பைரோமெசிஃபென் போன்ற பேனுக்கென்றே உள்ள மருந்து, ஒரே ஒரு தடவை. திரும்பத் திரும்ப அடித்தால் செம்பேன் அதற்கும் பழகிவிடும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பீர்கள். லேபிளில் எத்தனை நாள் காத்திருக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நாள் பறித்த காய் சந்தைக்குப் போகக் கூடாது.

பழைய பழக்கத்தில் யாராவது டைக்கோஃபால் பாட்டிலை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். இந்தியாவில் அது 2023இல் தடை செய்யப்பட்டுவிட்டது.