இரும்பு மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்

இரும்பு மாத்திரை உடம்பில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கும் என்று செல்பேசியில் படித்துவிட்டு, மாத்திரை அட்டையைத் தொடாமலே வைத்திருக்கும் கர்ப்பிணிகள் உண்டு. படித்தது பொய்யில்லை. புரதங்களில் அடைபடாமல் தனித்துத் திரியும் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான மூலக்கூறு பிறக்கும். அது செல்லின் மேலுறையில் உள்ள கொழுப்பைச் சிதைக்கும்.

ஆனால் ரத்தசோகையும் இதே அழுத்தத்தைத்தான் கூட்டுகிறது. அந்தப் பெராக்சைடை உடைத்துப்போடும் கேட்டலேஸ் என்ற நொதி வேலை செய்யவே இரும்பு வேண்டும். சோகை முற்றினால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரலாம். பிரசவ ரத்தப்போக்கைத் தாயின் உடல் தாங்காது. ஆகவே ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருப்பவர், பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து. மாத்திரையால் குழந்தை கறுத்துவிடும் என்ற பேச்சில் உண்மை இல்லை. மலம் கறுப்பதும் இயல்புதான்.

எனக்குக் கவலை தருவது வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரை, தனியார் மருத்துவர் எழுதிய இன்னொன்று, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன டானிக் என மூன்றையும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'எலிமென்டல் அயர்ன்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் அளவுதான் உண்மையான இரும்பு. அரசு மாத்திரையில் அது 60 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிலவற்றில் 100. சோகை இருந்தால் அரசு மாத்திரையையே தினம் இரண்டாகத் தருவார்கள். அதற்கு மேல் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்கு உறிஞ்சுதலைக் குறைத்துவிடும். எஞ்சிய இரும்பு குடலில் தங்கிக் குமட்டலும் மலச்சிக்கலும் தரும். வயிறு தாங்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரையே கேளுங்கள், நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

டீ, காபி குடிப்பதற்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.

அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் வாங்கிப் போடாதீர்கள். பிரிட்டனில் ரத்தக்கொதிப்புச் சிக்கல் வரும் அபாயம் அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்குத் தினம் 1000 மில்லிகிராம் சி-யும் 400 அலகு ஈ-யும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கர்ப்பகால ரத்தக்கொதிப்புச் சிக்கலை அது தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. பழமும் கீரையும் பருப்பும் தட்டில் இருந்தால் போதும்.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டுவது தீர்வல்ல. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை, தலசீமியா பரிசோதனை, குடற்புழு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தலசீமியா மரபுக்கூறு உள்ளவருக்கு இரும்புக் குறைவே இல்லாமல் ஹீமோகுளோபின் மட்டும் தாழ்ந்திருக்கலாம். அவருக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் கூடுதல் இரும்பு கொடுக்கக் கூடாது.