மேடைக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்கு

வாலிபர் ஐக்கியப் பட்டிமன்றத்துக்கும் பேச்சுப்போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிற தம்பி தங்கைகளே, கையை எங்கே வைப்பது, குரலை எப்போது உயர்த்துவது என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். பல வருஷமாகப் பிள்ளைகளை மேடைக்குத் தயார் செய்கிற எனக்கு வேறொன்றைச் சொல்ல ஆசை. வீட்டிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் கேட்டு வளர்ந்த விசுவாசத்தை நாலு பேர் முன்னால் சொந்த வாயால் சொல்ல வரும்போதுதான், அதில் எது நம்முடையது, எது இரவல் என்று தெரிகிறது. நீங்கள் பேசவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதற்காகத்தான்.

1. அப்பாவோ அக்காவோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காதீர்கள். சின்ன வயதில் அது சரி. பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் நீங்களே எழுதுங்கள். எழுதிக்கொண்டே போகும்போது ஏதோ ஒரு வரியில் கை நிற்கும். கேட்ட ஜெபத்துக்கெல்லாம் கர்த்தர் பதில் தருகிறார் என்று எழுதுகிறீர்கள்; போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாட்டிக்காக ஜெபித்தது நினைவுக்கு வருகிறது. அந்த வரியை அவசரப்பட்டு அடித்துவிடவும் வேண்டாம், கைதட்டலுக்காக அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஐயரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ கொண்டுபோய்க் கேளுங்கள். போட்டி முடிந்து மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அந்தக் கேள்வி உங்களோடு இருக்கும்.

2. தலைப்பு கிடைத்ததும் முதலில் வேதத்தைத் திறங்கள். யூடியூப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சபைப் பட்டிமன்றங்களில் 'சிறந்தவள் மார்த்தாளா, மரியாளா?' என்ற தலைப்பு அடிக்கடி வரும். மார்த்தாள் அணி விழுந்தால் பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசுவே மரியாள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டாரே, இனி என்ன பேசுவது என்பார்கள். ஆனால் வழி தெரியாமல் தேடுகிற பிள்ளைதான் யோவான் 11-க்குப் போய்ச் சேருகிறது.

அங்கே லாசரு இறந்து நாலு நாள் ஆகிறது. இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போகிறவள் மார்த்தாள். மரியாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று மார்த்தாள் அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். சில வசனங்கள் தள்ளி, அவரே கிறிஸ்து, தேவகுமாரன் என்று அறிக்கையும் செய்கிறாள். மத்தேயு 16-இல் பேதுரு சொன்னதாக நாம் கொண்டாடுகிற அதே அறிக்கை, அடுப்படிக்காரி என்று நாம் ஒதுக்கிவைத்தவள் வாயிலிருந்து, துக்கம் ஆறாத நேரத்தில் வருகிறது. 12-ஆம் அதிகாரத்தில் அவள் மறுபடியும் பந்தி பரிமாறுகிறாள். இந்தத் தடவை அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதைத் தானே தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்கு நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னால் என்ன? பிடிக்காத அணி விழுந்தால் மாற்றித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள்.

3. எதிரணி என்ன சொல்லும் என்பதை, அவர்களே 'ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்' என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிப் பழகுங்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைத் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். மிஷனெரிகளின் பிரசங்க முறையைப் பார்த்து, 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1854-இல் அவர் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' நம் வேதாகமத்தையே கையில் வைத்துக்கொண்டு நமக்குப் பதில் சொல்கிற நூல். நம்மை மறுத்தவர் நம் வேதத்தை அவ்வளவு ஊன்றி வாசித்திருக்கிறார். அடுத்தவர் நூலில் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் அவர்களைக் கேலி பேசுவது அழகல்ல. அது விசுவாசமும் அல்ல. மேடையில் யாருடைய மதத்தையும் இளக்காரமாகப் பேசி நீங்கள் வாங்குகிற கைதட்டல் எனக்கு வேதனையாக இருக்கும்.

4. தோற்றால் என்ன செய்வது என்பதை சி. எஸ். லூயிஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டில் விசுவாசிகளும் நாத்திகர்களும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடிய சாக்ரடிக் கிளப் என்ற மாணவர் மன்றம் இருந்தது. அதற்குத் தலைவர் அவர். 1948 பிப்ரவரியில் அதே மன்றத்தில், அவர் முந்தின வருஷம் வெளியிட்ட 'மிராக்கிள்ஸ்' நூலின் மூன்றாம் அதிகாரத்தை எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற இளம் தத்துவ ஆசிரியை எடுத்து, வாதம் எங்கே நிற்கவில்லை என்று காட்டினார். ஆன்ஸ்கம் நாத்திகர் அல்ல, உறுதியான கத்தோலிக்கர். லூயிஸ் மனம் உடைந்துபோனார் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். ஆன்ஸ்கம் அப்படி நினைக்கவில்லை. எப்படியானாலும், 1960-இல் வந்த பதிப்பில் அந்த அதிகாரத்தை லூயிஸ் திருத்தி விரிவாக எழுதியிருந்தார். அந்தத் திருத்தத்தில் இருந்த நேர்மையை ஆன்ஸ்கமே பின்னாளில் பாராட்டினார்.

உங்கள் வாதம் உடைந்தால் உங்கள் ஆண்டவர் தோற்றுவிட்டதாக எண்ணி அழாதீர்கள். உடைந்தது நீங்கள் கட்டிய வாதம். அதை மறுபடி கட்டலாம். ஆன்ஸ்கம் போலத் தப்பை எடுத்துக்காட்டுகிறவர் நம் சபைக்குள்ளேயே இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

5. கல்லூரி விவாதத்தில், கடவுள் நம்பிக்கை தேவையில்லை என்ற பக்கம் உங்களுக்கு விழலாம். பயப்படவேண்டாம். யோபுவின் புத்தகத்தில் தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் அந்த மூன்று நண்பர்கள். அவரோடு வழக்காடியவன் யோபு. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொண்டது நண்பர்கள்மேல். அப்படியும் மனசாட்சி உறுத்தினால், பொறுப்பாசிரியரிடம் மரியாதையாகச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

6. பெரிய ஊழியக்காரர்களின் குரலைக் காப்பியடிக்கவேண்டாம். அடுத்த வரி மறந்துபோனால் சும்மா நில்லுங்கள். அந்த இடத்தை நிரப்ப அல்லேலூயா சொல்லாதீர்கள். அது துதிக்கிற சொல்.

7. அப்பொல்லோ சாதுரியவான், வேதத்தில் வல்லவன் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. எபேசுவில் அவன் ஜெப ஆலயத்தில் பேசியதைக் கூடாரம் பண்ணுகிற ஒரு தம்பதியர் கேட்டார்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் சபை நடுவே அவனை மடக்கவில்லை. தனியே சேர்த்துக்கொண்டு, விட்டுப்போனதை விளக்கினார்கள். அவ்வளவு பெரிய பேச்சாளன் தொழிலாளிகள் முன்னால் உட்கார்ந்து கேட்டான். நீங்கள் பேசி முடித்ததும் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைவிட, மறுநாள் கூப்பிட்டு 'அந்த வசனத்தை நீ சொன்ன அர்த்தத்தில் எடுக்க முடியாதே, தம்பி' என்கிற ஒரு அத்தையோ மாமாவோ உங்களுக்கு வேண்டும். அப்படி ஒருவர் சபையில் இருக்கிறாரா என்று இப்போதே பாருங்கள்.

8. திக்குகிற பிள்ளைகளை ஓரம் கட்டாதீர்கள். தனக்கு வாய் திருந்தாது என்று மோசே சொன்னபோது, கர்த்தர் ஆரோனைத் துணைக்குக் கொடுத்து மோசேயையே அனுப்பினார். குறிப்பு எடுப்பதிலும் எதிரணிக்குக் கேள்வி தயாரிப்பதிலும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களே விரும்பினால் மேடையும் கொடுங்கள், மணியடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

9. முடிந்ததும் எதிரணியோடு ஒரே பந்தியில் சாப்பிடுங்கள். அவர்கள் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி ஒன்றாவது இருக்கும். வீட்டுக்குப் போனதும் அதை நோட்டில் தேதி போட்டு எழுதி, கேட்டவர் பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேத ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். கேட்டவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.