தம்பதியருக்கான உளவளத்துணை: போனால் என்ன நடக்கும்?

மீள்குடியேற்றக் கூட்டங்களில் காணி, வீடு, கிணறு, வள்ளம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் நிறையக் கேள்விகள் வரும். கணவன் மனைவிக்கு இடையே வந்துவிட்ட மனத்தாங்கலைப் பற்றி யாரும் எழுந்து நின்று கேட்பதில்லை. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில்தான் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்: "உந்தக் கவுன்சிலிங் எண்டுறது என்ன? போனால் என்ன செய்வினம்?" அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறோம். கணவன், மனைவி இருவரும் வாசிக்கலாம். ஒருவர் வாசித்து மற்றவருக்குச் சொல்லவும் செய்யலாம்.

திரும்பி வந்த பிறகு ஏன் சண்டை?

தீவகத்தில் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வது புதிய விடயமல்ல. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆண்கள் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தினார்கள். மனைவியர் ஊரில் இருந்து பிள்ளைகளையும் காணியையும் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு தவணை இருந்தது. காசு வரும், கடிதம் வரும், கோயில் திருவிழாவுக்கு ஆளும் வருவார்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகளை விட்டு ஓடிய பிறகு வந்த பிரிவுக்குத் தவணை இருக்கவில்லை. சிலர் யாழ்ப்பாணத்தில் தங்கி, 1995 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போனார்கள். சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் மெனிக் பாமில் இருந்தார்கள். மனைவி முகாமில் இருக்கக் கணவர் புனர்வாழ்வு நிலையத்திலோ வெளிநாட்டிலோ இருந்த குடும்பங்களும் உண்டு. இத்தனை காலத்துக்குப் பின் ஒரே கூரையின் கீழ் வரும்போது இருவருமே பழைய ஆட்கள் அல்ல. வரிசையில் நின்று, அதிகாரிகளோடு கதைத்து, கையெழுத்து வைத்து, தனியே முடிவெடுத்துப் பழகியவர் மனைவி. தான் இல்லாமலே வீடு நடந்திருக்கிறது என்பதைக் கண்டு திகைப்பவர் கணவர். அந்தத் திகைப்பு பல வீடுகளில் கோபமாகவும் குடியாகவும் வெளியே வருகிறது.

இது எங்கள் சனத்துக்கு மட்டும் வந்த குறையும் அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்து படைவீரர் வீடு திரும்பிய பின், 1947இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 60,000 மணமுறிவுகள் நடந்தன. போருக்கு முன் அங்கு அது ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தொட்டதில்லை. தம்பதியருக்கான உளவளத்துணைச் சேவை அந்நாட்டில் பரவலாக வளர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான். எங்கள் பக்கத்தில், யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனியாளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்.

அது விசாரணை அல்ல

பலர் பயப்படுவது இதற்குத்தான். உளவளத்துணையாளர் நீதவான் அல்ல, விதானையார் அல்ல, ஊர்ப்பெரியவரும் அல்ல. யாரில் பிழை என்று தீர்ப்புச் சொல்ல அவர் அங்கே இருப்பதில்லை. இணக்க சபைக்குப் போனால் இணக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே அப்படி எந்தப் பத்திரமும் இல்லை. மணமுறிவு கொடுக்கவும் அவரால் முடியாது, அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. "சேர்ந்துதான் இருக்கவேண்டும்" என்று வற்புறுத்துவதும் அவருடைய வேலை அல்ல. அப்படி யாராவது வற்புறுத்தினால், அவர் செய்வது உளவளத்துணை அல்ல.

அவர் மந்திரம் போட்டு ஆளை மாற்றிவிடுவார் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். "இவரைத் திருத்தித் தாங்கோ" என்று கணவரைக் கூட்டிவரும் மனைவியரும், "இவவுக்குப் புத்தி சொல்லுங்கோ" என்று மனைவியை அனுப்பும் கணவன்மாரும் முதல் நாளில் ஏமாற்றத்தோடுதான் திரும்புகிறார்கள்.

உண்மையில் என்ன நடக்கும்?

முதல் நாளில் உளவளத்துணையாளர் தன்னை அறிமுகப்படுத்தி, விதிகளைச் சொல்வார். சொல்வது வெளியே போகாது, விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு சந்திப்பு முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை இருக்கும். பெரும்பாலும் இருவரையும் சேர்த்து ஒருமுறை, தனித்தனியே ஒவ்வொருமுறை, பிறகு மீண்டும் சேர்த்துச் சந்திப்பார். மாமியார், அண்ணர், அக்கா அறைக்குள் வரமாட்டார்கள். எங்கள் ஊரில் இது கடினமான விதி என்பது தெரியும். ஆனாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அறைக்குள் நடப்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல, பல குடும்பங்களில் பார்க்கக்கூடியது.

தீவகத்தில் வீட்டுக்காணி அநேகமாக மனைவிக்குச் சீதனமாக வந்தது. ஆகவே வீட்டு உதவியும் பெரும்பாலும் அவர் பெயரில்தான் வரும். 2012இல் வடக்கில் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறுவதைப் பார்த்துக் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. இரண்டாம் கட்டக் காசு வந்ததும் மனைவி, கணவரிடம் கேளாமல் மேசனுக்கு முற்பணம் கொடுத்துவிடுகிறார். அன்று இரவு சண்டை. அடுத்த மூன்று கிழமையும் இருவரும் கதைப்பதில்லை.

அறையில் கணவர் சொல்கிறார்: "காசு விஷயத்தில என்னட்டை ஒரு சொல் கேட்டனீரே?" மனைவி: "இவ்வளவு வருஷமும் நான்தானே எல்லாத்தையும் பார்த்தனான். அப்ப ஆரிட்டைக் கேட்டனான்?"

வீட்டில் என்றால் இந்த இடத்தில் குரல் உயரும், ஒருவர் எழுந்து வெளியே போவார். இங்கே உளவளத்துணையாளர் கணவரிடம் கேட்கிறார்: "அவ இப்ப என்ன சொன்னவ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, ஐயா." கணவர்: "என்னைத் தேவையில்லை எண்டு சொல்லுறா." உளவளத்துணையாளர் மனைவியைப் பார்க்கிறார்: "அதையோ அம்மா சொன்னனீங்கள்?" மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்கிறார்: "இல்லை. நான் களைச்சுப் போனன் எண்டுதான் சொன்னனான்."

வேலையின் பெரும்பகுதி இதுதான். ஒருவர் சொன்னதும் மற்றவர் கேட்டதும் வேறு வேறாக இருப்பதை இருவரும் ஒரே நேரத்தில் காண்பது. அதற்குப் பிறகுதான் காசுக் கணக்குக் கொப்பியை யார் எழுதுவது, மேசனோடு யார் கதைப்பது என்ற சின்ன ஒழுங்குகளுக்கு வரலாம். அடுத்த சந்திப்புவரை வீட்டில் செய்துபார்க்க ஏதாவது ஒன்றும் தருவார்: பிள்ளைகள் படுத்தபின் பத்து நிமிடம் கதைப்பது, ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கிடாமல் இருப்பது. கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தெரியும். செய்துபார்த்தால்தான் அதன் கடினம் புரியும்.

சில குடும்பங்களுக்கு நான்கைந்து சந்திப்பு போதும், சிலவற்றுக்குப் பல மாதம் எடுக்கும். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் சண்டை கூடியது போலத் தெரிவதும் உண்டு. மூடிவைத்தது வெளியே வரும் காலம் அது. எல்லாப் பிணக்கும் தீராது. உதாரணமாக, மனைவி பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ தேசவழமைப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அதில் இழுபறி என்றால் உளவளத்துணையாளரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் ஆலோசனை கேட்கவேண்டும். நித்திரை வராமை, கெட்ட கனவு, சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வைத்தியரிடம் அனுப்புவார். அது உங்களைப் "பைத்தியம்" என்று எழுதிவிட்டார் என்பதல்ல. தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

ஊர் அறியாதா?

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் சுமார் ஒரு மணித்தியாலம். யார் ஏறினார், யாரோடு இருந்தார், ஏன் போனார் என்பது கரைக்கு வருமுன் பேசிமுடிந்துவிடும். ஆகவே இந்தக் கேள்வி நியாயமானது. உளவளத்துணையாளரோடு கதைத்து, பிரதேச செயலகத்தில் வேறு அலுவல் இருக்கும் நாளையோ, வைத்தியசாலைக் கிளினிக் நாளையோ தெரிவுசெய்யலாம். உளவளத்துணையாளர் உங்கள் உறவினர் அல்லது அயலவர் என்றால் வேறொருவரைக் கேட்பது உங்கள் உரிமை. பெண் ஒருவரோடுதான் கதைப்பேன் என்றும் கேட்கலாம்.

இன்னொரு பயம்: "சண்டைக்காரக் குடும்பம் எண்டு எழுதி வீட்டுத்திட்டப் பட்டியலில இருந்து வெட்டிப்போடுவினமோ?" உளவளத்துணையாளரின் குறிப்புகள் பயனாளித் தெரிவுக்கு உரியவை அல்ல. யாராவது அப்படிச் சொல்லிப் பயமுறுத்தினால் எமது கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஆனால் இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அவர் பேசாமல் இருக்கமாட்டார். இதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவார்.

அடி இருந்தால்

அடிக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைப்பது பாதுகாப்பானதல்ல. அறைக்குள் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். நல்ல உளவளத்துணையாளர் இதனால்தான் தனியே சந்திக்கும்போது "பயமாக இருக்கிறதா?" என்று கேட்பார். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். குடி அடிக்குக் காரணமாகலாம், சாட்டு ஆகாது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நேரடியாகவோ பொலிஸ் மூலமாகவோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தீவகத்தவருக்கு ஊர்காவற்றுறையில் நீதவான் நீதிமன்றம் உண்டு. பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அதைக் கேட்பதால் திருமணம் முறிந்துவிடாது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, சிறுவர்களுக்கானது 1929.

எங்கே போவது?

ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு என உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை அல்லது பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். நயினாதீவு மக்களுக்குரியது வேலணைப் பிரதேச செயலகம். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம், அவர் வருவதை யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய்வரக் கூடியவர்கள் பல்லாண்டாக உளவளத்துணை வழங்கிவரும் சாந்திகம் நிறுவனத்தையும் நாடலாம்.

மற்றவர் வரமறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். ஒருவர் கதைக்கும் விதம் மாறினாலே வீட்டுக்குள் ஏதோ ஒன்று அசையும். பிறகு மற்றவர் தானாக வருவதும் உண்டு. சோளகக் காற்றுக் காலத்தில் படகு நின்றுவிட்டால் சந்திப்பு தவறிப்போகும். அதற்காகத் தொடர்பை விட்டுவிடாமல், தொலைபேசியில் கதைக்க முடியுமா என்று முதல் நாளிலேயே கேட்டு, இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.